அவன் பக்கத்து நாற்காலி

தங்கைக்கு அக்கா எழுதுவது.

ஆலோசனை மையத்து அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கூட்டியோ குறைத்தோ சொன்னதாகப் பின்னால் பேச்சு வரக் கூடாது. பெரியவன் இருந்தான். உன் அத்தான் வேலைச் சட்டையோடு இருந்தார். பாதி நாள்தான் விடுப்புக் கிடைத்தது. சின்னவள் இருந்தாள், வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. ஆலோசனை சொல்கிற அந்தப் பெண் இருந்தாள். நான் இருந்தேன். ஆண்டவன் இல்லாத இடமில்லை என்பதால் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். இவர்கள் தவிர ஒரு காலி நாற்காலி இருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். முதல் பாதி இப்போது உண்மை இல்லை. இரண்டாம் பாதியை எழுத இன்னும் மனம் வரவில்லை.

நீ எத்தனையோ தடவை போன் செய்தாய். சின்னவள் எடுத்து, அம்மா குளிக்கிறார்கள் என்று சொன்னதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். "ஒரே நாள்ல இத்தனை தடவ குளிச்சா தோல் உரிஞ்சிரும்மா, வேற ஏதாவது சொல்லிக் குடு" என்று அவளே அலுத்துக்கொண்டாள். போனில் பேசினால் நான் அழுவேன், நீ 'ம்' என்பாய். அந்த 'ம்' எனக்கு வேண்டாம். ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

பெரியவன் பஸ்ஸில் மயங்கியதை உன் அத்தான் உனக்குச் சொன்னாராம். எவ்வளவு சொன்னாரோ தெரியாது, அவர் பேச்சு தந்தி மாதிரி. கல்லூரியிலிருந்து வரும்போது ஜன்னலோர இருக்கையில் தூங்கிவிட்டான். நம் நிறுத்தம் தாண்டி, கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் எழவில்லை. நடத்துநர் தோளைத் தட்டிப் பார்த்து, முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்து, அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். "உங்க பையன் தூங்கறான்மா. ஆனா எனக்கு இது தூக்கமா தெரியல" என்றார். பஸ்ஸில் தூங்குகிற முகங்களைத் தினம் பார்க்கிற மனிதர். அவருக்குத் தெரிந்தது.

மருத்துவமனையில் அவன் பையைத் திறந்தபோது மாத்திரை அட்டை விழுந்தது. பெரும்பாலும் காலி. யார் எழுதிக் கொடுத்தது என்று டாக்டர் என்னைக் கேட்டார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கூடப் படிக்கிறவன் எங்கேயோ வாங்கிக் கொடுத்திருக்கிறான். உடம்பு தேறியதும், மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஒரு சீட்டும், இளவயதினருக்கான ஆலோசனை மையத்துக்கு ஒரு சீட்டும் கொடுத்து அனுப்பினார்.

அந்த மையம் ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்போடுதான் படி ஏறினேன், மறைக்கவில்லை. மேலே போனால் நான் பயந்த மாதிரி யாரும் இல்லை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஒரு பையன். நகப்பூச்சைச் சுரண்டிச் சுரண்டித் தன் மடியிலேயே போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். எல்லாம் நம் வீட்டு வாசலில் பந்து கேட்டு வந்து நிற்கிற பிள்ளைகளைப் போலத்தான் இருந்தார்கள். ஆலோசகரும் சின்னப் பெண்ணாகத்தான் தெரிந்தாள். தலை பின்னிவிடலாம் போல இருந்தது.

அந்தச் சின்னப் பெண் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனோடு தனியாகப் பேசினாள். முடிந்து வந்ததும், என்ன சொன்னான் என்று கேட்டேன். "அவன் சொன்னது அவனோடதும்மா. நான் உங்ககிட்ட சொன்னா அடுத்த தடவ என்கிட்ட சொல்ல மாட்டான்" என்றாள். பெற்றவளுக்கு இல்லாத உரிமை ஊர்ப்பெண்ணுக்கு வந்துவிட்டதா என்று எனக்குக் கொதித்தது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும் யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிடுவேன். அதை மொதல்லயே அவன்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். தங்கச்சி, இந்த வரியை நினைவில் வைத்துக்கொள். இதற்குத் திரும்பி வருவேன்.

குடும்பத்தோடு உட்காரும் நாளுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாற்காலிகளை அவர்கள் போட்டு வைப்பதில்லை, சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வந்த பிள்ளைதான் எடுத்துப் போட வேண்டும். யாருக்கு எங்கே என்பது அந்தப் பிள்ளையின் இஷ்டம். நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றோம். "ரேஷன் கடை மாதிரி இருக்கு" என்று சின்னவள் முணுமுணுத்தாள். அவன் அப்பாவுக்கு ஜன்னல் பக்கம் ஒன்று போட்டான். சின்னவளுக்கு அதற்கடுத்து. அந்தப் பெண்ணுக்குக் கதவுப் பக்கம். பிறகு தனக்கு ஒன்று போட்டு, அதன் பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இன்னொன்று போட்டான்.

எனக்கு எது என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது? போய்ப் பையை அதில் வைத்தேன்.

"அதுல உக்காராதம்மா" என்றான். தலை நிமிரவில்லை. "அது சித்திக்கு."

சித்தி ஊரில் இல்லையே என்றேன். எவ்வளவு அசட்டுத்தனம் பார். விஷயம் தெரிந்த எல்லோருக்கும், வராதவர்களுக்கும் சேர்த்து, நாற்காலி போடச் சொல்லியிருந்தார்களாம். என்ன தெரியும் அவளுக்கு என்று கேட்டேன். "எல்லாம்" என்றான். எப்போதிலிருந்து என்றேன். "மொதல்ல இருந்தே."

எனக்குப் போட்டிருந்தது எதிர்ப்பக்கம், அலமாரியை ஒட்டி. பையை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். அந்த அறையின் குறுக்கே நடந்ததுபோல நான் வாழ்நாளில் நடந்ததில்லை.

அதன்பிறகு அவன் தரையைப் பார்த்தபடி சொன்னதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரிந்ததை நான் கடைசி ஆளாகத் தெரிந்துகொண்டேன் என்பதைக் காட்டத்தான் எழுதுகிறேன். கல்லூரியில் முதல் தேர்வில் கை நடுங்கி, கேள்வி முழுவதும் தெரிந்தும் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அதற்குப் பதற்றம் என்று பெயராம். பதற்றம் என்றால் பால் பொங்கும்போது வருவது என்றுதான் எனக்குத் தெரியும். அதே பெயரில் ஒரு நோய் உண்டென்று அந்தப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். அடுத்த தேர்வுக்கு, அதை அடக்கித் தூக்கம் போல அமைதியாக்குகிற ஒரு மாத்திரையை நண்பன் கொடுத்தான், கை நடுங்கவில்லை. பிறகு வகுப்புக்குப் போக ஒன்று. பஸ் ஏற ஒன்று.

பிறகு சொன்னான், "நம்ம வீட்டுப் பிரார்த்தனைல உக்கார ஒண்ணு."

வாரா வாரம் நம் வீட்டு முன்னறையில் தெருப் பெண்கள் கூடுவது உனக்குத் தெரியும். அவரவர் வீட்டுக் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்வோம், எல்லோரும் சேர்ந்து வேண்டிக்கொள்வோம். ஓர் ஆண்டாகப் பெரியவனை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். கண்ணை மூடினால் திறக்க மாட்டான். அசைய மாட்டான். ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட மாட்டான். இந்த வயதில் இப்படி ஒரு பக்தியா என்று எல்லோரும் வியந்தார்கள். "நீங்க பையனையா பெத்தீங்க, ஞானியை இல்ல பெத்திருக்கீங்க" என்றாள் தையல்காரர் மனைவி. எதிர்வீட்டுக்காரி, ஓயாமல் அழுகிற தன் குழந்தையைத் தூக்கி வந்து, இவன் கையை எடுத்து அதன் தலைமேல் வைத்துக்கொண்டு போனாள். எனக்குச் சாமியார் என்றே பேர் வைத்துவிட்டார்களம்மா என்று அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். சின்னவள் மட்டும் ஒரு நாள், "அவன் தியானம் பண்ணலம்மா, தூங்கறான்" என்றாள். கடவுள் விஷயத்தில் கேலி என்ன என்று அவள் தொடையில் கிள்ளினேன்.

அந்தப் பக்தியெல்லாம் அட்டையில் வருகிற மாத்திரை, தங்கச்சி.

இதை நான் யாரிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னிடம்தான். பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறான் தெரியுமா, முகத்தில் என்ன அமைதி தெரியுமா, நம் வம்சத்தில் இல்லாத பாக்கியம் என்று மூச்சு விடாமல் சொல்வேன். நீ அந்தப் பக்கத்தில் 'ம்' என்பாய். "சரிக்கா" என்பாய். ஒரு தடவை, "அவனை ரொம்ப உக்கார வைக்காதக்கா, பிள்ளைக்கு முதுகு வலிக்கும்" என்றாய். நான் அதைக்கூட உன் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நீ சிரித்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் கண் தெரியாதவள் சுவரை நோக்கி நடக்கிறாள், நீ பார்த்துக்கொண்டு 'ம்' போட்டாய்.

நீ படிக்காதவள் இல்லை. நர்ஸ் வேலை. ராப்பகலாக வார்டில் நிற்கிறவள். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நான் பள்ளிக்கூடம் முடிக்காதவள், பிள்ளைகளின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்தைத் தேற்றிக்கொண்டவள். வீட்டில் உப்பு வாங்கினால்கூட எழுதி வைப்பேன். எழுதுகிற அளவுக்கு எனக்கு யாராவது சொன்னால்தானே?

அவன் சத்தியம் வாங்கிக்கொண்டானாம். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "அம்மாகிட்ட சொன்னா அடுத்த வாரம் தெருவே எனக்காக வேண்டிக்கும்" என்றான். நான் வேண்டுதலுக்காகச் சொல்வது தப்பா? நாலு பேர் சேர்ந்து கேட்டால் ஆண்டவன் காதில் சீக்கிரம் விழாதா? நான் யாரையும் அவமானப்படுத்தச் சொன்னதில்லை. உனக்குக் கரு கலைந்துபோனபோது நான் அங்கே சொன்னதும் உனக்காக அழத்தான். இதை இங்கே எழுத வேண்டாம் என்று இருந்தேன், எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். திடீரென்று நிறுத்திவிடாதே, வலிப்பு வரும், டாக்டரிடம் போய்க் குறை என்று நீ அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாயாம். அது சரியான அறிவுரை, அதைக் கேட்டு அவன் ஒரே நாளில் தூக்கி எறியாமல் இருந்தது நல்லது என்று அந்தப் பெண் சொன்னாள். தினமும் அவனோடு பேசினாயாம். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லவில்லை. அந்தப் பெண் முதல் நாளே அவனிடம் சொன்ன அந்த ஒரு வரி உன் வாயில் ஏன் வரவில்லை? ஆபத்து என்றால் உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று ஒரு வார்த்தை. சத்தியம் பெரிதா, பிள்ளை பெரிதா?

வீட்டுக்கு வந்ததும், என் தங்கை இனி இந்த வாசற்படி மிதிக்கக் கூடாது என்று கத்தினேன். உன் அத்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "லிஃப்ட்ல மாட்டினவனை வெளிய எடுக்கறப்ப, பட்டனை யாரு அமுக்கினதுன்னு நாங்க கேக்க மாட்டோம். மூச்சு விடுப்பா, வந்துட்டோம்னுதான் சொல்லுவோம்" என்றார். ஆயுசெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர் வேறு எதை உதாரணம் காட்டுவார்? அப்படியானால் லிஃப்டையே கட்டிக்கொண்டு வாழுங்கள் என்றேன். சண்டை அதோடு நின்றது.

ஆனால் நான் கத்தியது உள்ளறைக்குக் கேட்டிருக்கிறது. அடுத்த முறை மையத்துக்குப் போக வேண்டிய நாளில் பெரியவன் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. வயது வந்த பிள்ளை, அவனாக வந்தால்தான் உண்டு, இழுத்து வர முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மாத்திரை குறைந்துகொண்டு வருகிற இந்த நேரத்தில் பேச ஆள் இல்லாமல் விட்டால், பழைய வழிக்குத் திரும்புவது சுலபம் என்றும் சொன்னார்கள். நான் கெஞ்சினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

இதுவரை எழுதி மடித்து, அரிசி டப்பாவின் அடியில் வைத்துவிட்டேன். அனுப்பக் கூடாது என்றே இருந்தேன். அதன்பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று வாரப் பிரார்த்தனை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள் என்று நிறுத்தவில்லை. எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அவன் இடம் காலியாக இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் கஷ்டத்தைச் சொன்னாள். ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருத்திக்கு மருமகள். என் முறை வந்தது. என்னிடம் இருந்ததுபோலப் பெரிய பாரம் அந்த அறையில் யாரிடமும் இல்லை. சொல்லி அழுதால் போதும், பத்துக் கை என்னைத் தாங்கியிருக்கும். உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதன் இடுக்கில் அவன் பாதம் தெரிந்தது. கட்டிலிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்க நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு விசேஷமாக ஒன்றும் இல்லை, எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "சாமியார் எங்கே காணோம்? அவன் கை வச்சதுல இருந்து எங்க பாப்பா என்ன சமத்தா தூங்கறா தெரியுமா? உங்களுக்கு என்னக்கா குறை, பெத்தாலும் இப்படில்ல பெக்கணும்" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். அவளிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் பிள்ளை போய்விடுவான். பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

நான் 'ம்' என்றேன்.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். ஓர் ஆண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட சத்தம். அது தொண்டையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது நேற்றுத்தான் தெரிந்தது. இதனால் உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. அப்படியே இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு அவன் வெளியே வந்தான். விரித்த பாய்களைச் சுருட்டினான். பேசினால் ஓடிவிடுவானோ என்று பயமாக இருந்தது. கடைசிப் பாயைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே, "சித்தி வந்தா வரேம்மா" என்றான். அவ்வளவுதான். பிறகு சாப்பாடு கேட்டான். இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

அதனால் கேட்கிறேன். லீவு கிடைக்காது என்று சொல்லாதே, கேட்டு வாங்கு. வா. வீட்டு வாசற்படியைப் பற்றி நான் சொன்னதை நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள். என்னோடு நீ பேச வேண்டாம், நானும் பேசுவேனா என்று தெரியவில்லை. பஸ் நிலையத்துக்கு உன் அத்தான் வருவார். முன்னறையில் உனக்குப் படுக்கை போட்டு வைப்பேன், உனக்கு மெல்லிய தலையணைதான் ஆகும் என்பது நினைவிருக்கிறது. மையத்துக்கு வந்து, அவன் போட்ட அந்த நாற்காலியில், அவன் பக்கத்தில் உட்கார். நான் அலமாரியை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து அவன் முகம் நன்றாகத் தெரிகிறது.

இன்னும் ஒன்று. காலையில் வேண்டும்போது பெயர்களை நான் ஒரு வரிசையில் சொல்வேன், கல்யாணமான நாளிலிருந்து வளர்ந்த வரிசை. உன் அத்தான் பெயர், பிறகு உன் பெயர், பிறகு பெரியவன், சின்னவள். இந்த நாட்களில் உன் பெயரை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. உன்னைத் தாண்டி அவனிடம் போக வழி தெரியவில்லை. அதனால் இன்று காலை சொல்லிவிட்டேன்.

ஆண்டவன் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

எந்த நாள் வருகிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது.